வேப்பிலை சொருகிய வாசலில் ஒரு வாரண்ட்

அமீனாவாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வாரண்டை எப்படிப் படிப்பது, எங்கே கையெழுத்து வாங்குவது, திரும்பி வந்து என்ன எழுதிக் கொடுப்பது என்பதையெல்லாம் ஆபீசிலேயே கற்றுக்கொள்வீர்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. கோர்ட் தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பை ஒரு வீட்டு வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய், சாமான்களை வெளியே வையுங்கள் என்று சொல்கிற ஆள் நாம்தான். கதவைத் தட்டியதற்கும் உள்ளேயிருந்து ஒருவர் வந்து திறப்பதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அந்த நேரம் எனக்குப் பழகவே இல்லை. உங்களுக்கும் அது பழகிவிடக் கூடாது என்றுதான் ஆசைப்படுகிறேன்.

நான் ஏறி இறங்கிய வாசல்களுக்குக் கணக்கில்லை. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வரும் வாரண்டுகளில் காரணம் பெரும்பாலும் வாடகை பாக்கியாக இருக்கும். குடித்தனக்காரருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சண்டை போட்டாலும் உள்ளுக்குள் எல்லோருக்கும் நியாயம் விளங்கியிருக்கும். பிறகு ஊருக்குள் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர்கள் நமக்குப் புதிதில்லைதான். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம், கடலோரத் தெருக்களில் இருந்தார்கள். நாம் இந்தப் பக்கம் இருந்தோம். இப்போது வந்தவர்கள் வேறு மாதிரி. தியானத்துக்கு வந்தவர்கள், கோயில் சிற்பங்களைப் படிக்க வந்தவர்கள், ஊருக்கு வடக்கே செம்மண் பொட்டலில் மரம் நட வந்தவர்கள், நாலு மாதம் இருந்து பார்க்கலாம் என்று வந்து நாலு வருஷம் இருந்துவிட்டவர்கள். கெட்ட மனிதர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். சைக்கிளில் போவார்கள், பார்த்தால் சிரிப்பார்கள், பெரிய மார்க்கெட்டில் கீரைக்காரி சொன்ன விலையை அப்படியே கொடுப்பார்கள். வீட்டு வாடகையையும் அப்படியே கொடுத்தார்கள்.

அதுதான் விஷயம். கடலோரத்தில் இடம் நிறைந்ததும் கால்வாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். பிறகு வடக்கே முத்தியால்பேட்டை வரைக்கும் தேட ஆரம்பித்தார்கள். மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர், பீடி சுற்றுகிறவர், சின்னக் கடை வைத்திருக்கிறவர் குடியிருந்த தெருக்களில், இரண்டு வருஷத்தில் வாடகை நாலு மடங்கு பேசப்பட்டது. வெளிநாட்டுக்காரர் ஒருவர்கூட வராத தெருவிலும் வீட்டுக்காரர்கள், "வெள்ளைக்காரங்க கேக்கறாங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். என் கைக்கு வரும் வாரண்டில் காரணம் மாறியது. வாடகை பாக்கி குறைந்து, 'வீட்டு உரிமையாளரின் சொந்த உபயோகத்துக்கு' என்பது அதிகமானது. காலி செய்த வீட்டை அடுத்த மாதம் சைக்கிளில் கடந்து போவேன். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கும். ஜன்னலில் கதர்த் திரை தொங்கும். உள்ளே தெரியாத பாஷையில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

தீர்ப்பு சரியா தவறா என்று கேட்பது அமீனாவின் வேலை இல்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போவதும் நம் வேலை இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வந்த வாரண்ட், முத்தியால்பேட்டையில் கடலைப் பார்த்துப் போகும் ஒரு தெருவில் இருந்த வீட்டுக்கு. வீட்டுக்குச் சொந்தக்காரர் பிலோமினா டீச்சர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, சிறுநீரகம் கெட்டுப்போன தம்பியை வைத்துக்கொண்டிருந்தார். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக அவர் காலம் போயிற்று. சொந்த வீட்டில் கீழ்ப்பகுதியில் தனபால் என்கிற மில் தொழிலாளி, மனைவி வசந்தாவோடும் சுமதி என்கிற பெண் குழந்தையோடும் குடியிருந்தார். கல்யாணமான புதிதில் வந்தவர்கள். அப்போது பேசிய வாடகை ஏறக்குறைய அப்படியே இருந்தது. அந்தப் பணம் டீச்சருடைய தம்பிக்கு மருந்து வாங்கவே போதாது. மாடியில் ஒரு பெரிய அறை, ஓடு உடைந்து, மழை ஒழுகி, பூட்டிக் கிடந்தது.

வசந்தா அந்த வீட்டு வாசலில் வைத்துத்தான் மில்லுக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்றுவந்தாள். மில்லில் வேலை இல்லாத நாட்களில் அந்த இட்லிதான் குடும்பத்தை நடத்தியது. ஆகவே அந்த வாசல் போனால் வீடு மட்டும் போகாது, பிழைப்பும் போகும்.

டீச்சருக்கு வழக்கு நடத்திய வக்கீலிடம் கலியபெருமாள் என்று ஒரு குமாஸ்தா இருந்தார். வழக்கையும் அவரே பார்ப்பார், காலியாகப் போகிற வீட்டுக்கு ஆளையும் அவரே பிடிப்பார். 'நானே குடியிருக்கப் போகிறேன்' என்று கோர்ட்டில் சொல்லும்படி டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது.

வாரண்டோடு நான் போன அன்று காலையில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். சாமான் தூக்க நாலு கூலியாட்களைக் குமாஸ்தா கூட்டி வந்திருந்தார். டீச்சர் தெருவின் எதிர்ப்புறத்தில், குடையை விரித்துக்கொண்டு, ஒரு வீட்டுச் சுவரோரமாக நின்றார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

வாசலுக்குப் போனதும் கூலியாட்கள் நின்றுவிட்டார்கள். நிலையின் மேலே இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வேப்பிலை சொருகியிருந்தது. படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

வசந்தா கதவைத் திறந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள், குமாஸ்தாவைப் பார்க்கவில்லை.

"சார், பொண்ணுக்கு அம்மை போட்டிருக்கு. தண்ணி ஊத்தாம எங்கயும் நகர முடியாது. நீங்களே பாத்துக்குங்க."

"தனபால் எங்கம்மா?"

"வீடு தேடப் போயிருக்காரு. தினந்தான் தேடறாரு. எந்தத் தெருவுல கேட்டாலும் வெள்ளைக்காரங்க வராங்கன்றாங்க. எங்களுக்குக் குடுக்கறதுக்கு வீடே இல்லையாம்."

கலியபெருமாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "அமீனா சார், இதெல்லாம் நாடகம். நேத்து சாயங்காலம் இந்த வாசல்ல வேப்பிலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் இந்தப் பக்கமாத்தான் போனேன்."

"ராத்திரிதாங்க காச்சல் வந்துச்சு" என்றாள் வசந்தா.

"நேரம் பாத்து வருது பாருங்க, காச்சல்."

நாடகம் நான் பார்க்காதது இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு வீட்டில் குடித்தனக்காரர் கட்டிலில் நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, சுற்றிலும் நாலு பெண்கள் அழ, செத்துப் போனவர் மாதிரியே கிடந்தார். கட்டிலைத் தூக்கலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது தும்மிவிட்டார். அதற்கப்புறம் ஆபீசில் பல காலத்துக்கு என்னை அதை வைத்தே கேலி செய்தார்கள். ஆகவே வேப்பிலையைப் பார்த்ததும் எனக்கும் சந்தேகம் வரத்தான் செய்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கூலியாட்களில் பெரியவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நாங்க உள்ள கால் வெக்க மாட்டோம் சார், எங்க வூட்லயும் புள்ளைங்க இருக்கு" என்று ஒதுங்கிவிட்டார். கான்ஸ்டபிள்களில் இளையவர் ஏற்கெனவே தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். குழந்தைக்கு உண்மையாகவே அம்மை என்றால், அவளைப் பாயோடு தெருவில் கிடத்திய அமீனாவை அந்தத் தெரு சும்மா விடாது. விட்டாலும் என் மனசு விடாது. அம்மை பொய் என்றால், வேப்பிலைக்குப் பயந்து திரும்பினான், இல்லை காசு வாங்கிக்கொண்டு திரும்பினான் என்று குமாஸ்தா மனுப் போடுவார். என் வேலைக்கே ஆபத்து. வீட்டில் எனக்கும் மூன்று குழந்தைகள்.

அந்த நேரத்தில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. இரண்டு தகரப் பெட்டிகள், மேலே கயிற்றால் கட்டிய ஒரு பிரம்பு நாற்காலி. நடுவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, போலீசைப் பார்த்து, குமாஸ்தாவைப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். கலியபெருமாளுக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பாஷை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அவர் கேட்டது இதுதான்: "வீடு இன்றைக்குக் காலையில் காலியாக இருக்கும் என்றார்களே, இவர்கள் யார்?"

"இங்கே குடியிருப்பவர்கள், மதாம்" என்றேன்.

"அவங்ககிட்ட ஏன் சார் அதெல்லாம் சொல்றீங்க?" என்றார் குமாஸ்தா. அவர் முகம் வெளுத்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கு என்று தீர்ப்பு வாங்கிய வீட்டுக்கு, போலீஸ் முன்னாலேயே வேறொருவர் பெட்டியோடு வந்து இறங்கினால் அவருக்கு எப்படி இருக்கும்?

அந்தப் பெண்மணி வாசலைப் பார்த்தார். வசந்தா அவரைப் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். இந்தப் பொம்பளைக்காகத்தானா என்பது போல ஒரு பார்வை, அவ்வளவுதான். பெண்மணி மெதுவாக ரிக்‌ஷாவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

நான் தெருவைக் கடந்து பிலோமினா டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"

அவர் திகைத்தார். "போட்டிருக்கு. ஏன்?"

"குழந்தைக்கு அம்மைங்கறாங்க. உங்க குமாஸ்தா பொய்ங்கறாரு. நான் உள்ள போனா ஆம்பள, ஒரு பொம்பளப் புள்ள படுத்திருக்கிற இடம். போலீசும் வேணாம். வீடு உங்களுது, தீர்ப்பும் உங்களுது. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொல்றத எழுதிக்கறேன். பொய்ன்னா இப்பவே சாமானை வெளிய எடுக்கறோம்."

"நானா?" என்றார்.

"நீங்கதான்."

அவர் குடையை மடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாசலுக்கு வந்தபோது வசந்தாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. நிலைக்கு நடுவில் கையை நீட்டி நின்றாள். பிறகு கையை எடுத்தாள்.

"டீச்சர் மட்டும் வரட்டும்" என்றாள்.

டீச்சர் தலையைக் குனிந்து, வேப்பிலை படாமல் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் வெளியே நின்றோம். குமாஸ்தா வெற்றிலை போட்டுக்கொண்டு, "ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சிரும்" என்றார். இரண்டு நிமிஷத்தில் தெரியவில்லை. வெயில் ஏறியது. ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிழலுக்குத் தள்ளினார். அந்தப் பெண்மணி மட்டும் வெயிலிலேயே நின்றார்.

கதவு திறந்தது. டீச்சரின் கைகள் முழங்கை வரை ஈரமாக இருந்தன, புடவை முன்பக்கமும் நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டுக் கழுவியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மைதான்" என்றார்.

"டீச்சர், நல்லாப் பாத்தீங்களா?" என்றார் கலியபெருமாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்." அவர் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். நாங்கள் திரும்பினோம்.

எதிர்பார்த்தபடியே குமாஸ்தா நாசரிடம் போய்ப் புகார் சொன்னார். நாசர் என்றால் கோர்ட்டில் நமக்கெல்லாம் மேலதிகாரி என்பது உங்களுக்குத் தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டார், நான் எழுதியதைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார். "சொந்தக்காரம்மாவே உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்லியிருக்காங்க. இதுக்கு மேல நீ இன்னாய்யா பண்ணுவ?" என்று காகிதத்தை மடித்து வைத்தார். விஷயம் அதோடு முடிந்தது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். நெருக்கடியில் உங்கள் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். அடுத்தவர் குடியிருக்கிற வீட்டை யார் கேட்கிறாரோ அவரையே அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவுக்கு எதிர்ப்புறத்தில் குடைக்குள் நிற்கிறவருக்கு அந்த வீடு வெறும் கட்டடமாகத்தான் தெரியும். உள்ளே போனால் வேறு மாதிரி தெரியும். தெரியாமலும் போகலாம், அது அவர் மனசு. ஆனால் பார்த்தேன் என்று இருக்க வேண்டும்.

மறுவாரம் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி கோர்ட் வராந்தாவில் என்னைத் தேடி வந்தார். பெயர் ஒதில். மார்செய் நகரத்தில் புத்தகங்களுக்கு அட்டை கட்டும் பட்டறையில் வேலை பார்த்து, கணவர் இறந்த பிறகு சின்னப் பென்ஷனோடு இங்கே வந்தவர். அன்று நடந்தது என்ன என்று கேட்டார். சொன்னேன். நான் சொல்லும் ஒவ்வொன்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"முசியே, நான் பணக்காரி என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள்" என்றார். "எங்கள் ஊரில் நான் இருந்தது கூரைக்குக் கீழே ஒரு அறை. இருபது வருஷம் இருந்தேன். கோடைக்குக் கடல் பார்க்க வருகிறவர்கள் அதிகம் கொடுப்பார்கள் என்று வீட்டுக்காரர் என்னைக் காலி செய்ய வைத்துவிட்டார். அந்த வாடகைக்கு ஊரில் எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தியாவுக்கே வந்தேன். இங்கே என் பென்ஷன் பெரிய பணம். அது யாருடைய இடத்தைப் பிடிக்கும் என்று நான் யோசிக்கவில்லை."

பிறகு இன்னொன்றும் சொன்னார். "என் வீட்டுக்கும் உங்களைப் போல ஒருவர் காகிதத்தோடு வந்தார். பேசி முடிக்கும் வரை தொப்பியைக் கழற்றவே இல்லை. அவர் சொன்னது ஒன்றும் நினைவில் இல்லை. அந்தத் தொப்பி மட்டும் நினைவிருக்கிறது."

அன்றிலிருந்து எந்த வாசலிலும் முதலில் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாரண்டை எடுப்பேன். எந்தச் சட்டமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யக் கூடாது என்றும் சொல்லவில்லை.

இப்போது என்ன செய்யட்டும் என்று ஒதில் அம்மா கேட்டபோது நான் யோசனை கொடுக்கப் போகவில்லை. இரண்டு தரப்புக்கு நடுவில் அமீனா சமாதானம் பேசப் போகக் கூடாது. போனால் இரண்டு பேரும் நம்மைத்தான் கடைசியில் குற்றம் சொல்வார்கள். "வீட்டுக்காரம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியும், பள்ளிக்கூடத்தில் கற்றது" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவர் பாடு.

அவர் நேரே பிலோமினா டீச்சரிடம் போனார். இரண்டு பெண்களும் பல நாள் பேசியிருக்கிறார்கள். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் பஸ்ஸிலேயே ஒருநாள் பேசினார்களாம். கடைசியில் வந்த முடிவு: ஒதில் தன் செலவில் மாடிக்கு ஓடு மாற்றி, ஒழுகலை அடைத்து, அங்கே வாடகைக்குக் குடியேறுவது. கீழே தனபால் குடும்பம் இருப்பது. தனபால் வாடகையைத் தன்னால் முடிந்த மட்டும் ஏற்றிக் கொடுப்பது. வாரண்டை நிறைவேற்ற வேண்டாம் என்று டீச்சரே வக்கீல் மூலம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆள் பிடித்துக் கொடுத்ததற்குக் கலியபெருமாளுக்கு வரவேண்டிய கமிஷன் போயிற்று. பிறகு ஒரு வருஷம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எல்லாம் சுமுகமாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்க் குழாயடியில் வசந்தாவும் ஒதிலும் பாஷை தெரியாமல் சண்டை போடுவார்களாம். விடியற்காலையில் இட்லிப் புகை மாடிக்கு ஏறுகிறது என்று ஒதில் முகம் சுளிப்பாராம். அப்புறம் அவரே இறங்கி வந்து இட்லி வாங்கிக்கொண்டு போவாராம்.

சில மாதங்கள் கழித்து, அதே தெருவில் வேறொரு நோட்டீஸ் கொடுக்க நான் போனபோது, பிலோமினா டீச்சர் அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தார். வாடகை வாங்க வந்திருந்தார். "வாங்க, காபி சாப்புட்டுப் போங்க" என்றார். வசந்தா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அன்னைக்குப் புள்ளைக்கு அம்மை இல்ல."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொழச்சு, தீக்குச்சியால மூஞ்சி பூராப் புள்ளி வெச்சிருந்தா, வசந்தா. கன்னத்துல, நெத்தியில, கழுத்துல. சுண்ணாம்பு அதிகமாப் போயிடுச்சு. புள்ளைக்கு எரியுது. கண்ணுல தண்ணி ஓடுது. ஆனா கைய மடியில வெச்சிக்கிட்டு அசையாம உக்காந்திருக்கா. என்னப் பாத்ததும், 'டீச்சர், சொறியக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு'ன்னா. அவளுக்குத் தையல் நான் சொல்லிக் குடுத்தேன், தெரியுமா? லீவுல வருவா. ஊசி குத்தினாக்கூட சத்தம் போடாது, அந்தப் புள்ள."

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"நான் செம்புல தண்ணி எடுத்து அவ மூஞ்சியக் கழுவி விட்டேன். வசந்தா அடுப்புக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு அழுதா. ஒரு கொழந்த மூஞ்சியில சுண்ணாம்பு வெக்கற அளவுக்கு ஒரு பொம்பளையக் கொண்டுபோய் விட்டுட்டேனேன்னு எனக்கு இருந்துச்சு. என் தம்பி வலியில கத்தறது காதுல கேக்குது. இத கண்ணு பாக்குது. அப்பிடியே வெளிய வந்து அம்மைதான்னு சொல்லிட்டேன்."

என் எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் அவர்.

"வீட்டுல நானே இருக்கப் போறேன்னு கோர்ட்டுல ஒரு பொய் சொன்னேன். அம்மைன்னு உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். மாதா கோயில் சாமியார்கிட்டப் போய் ரெண்டுத்தையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். ரெண்டுத்துக்கும் சேத்து ஒரே ஜெபமாலைதான் சொல்லச் சொன்னாரு." டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார். "எதுக்கு எவ்வளவுன்னு நானும் கேக்கல."

நான் அந்தக் காபியைக் குடித்து முடித்தேன். டீச்சர் சொன்னதைப் பற்றி ஆபீசில் யாரிடமும் பேசவில்லை. நான் எழுதியதில் தவறு ஏதும் இல்லை: உரிமையாளர் பார்த்தார், இப்படிச் சொன்னார் என்றுதான் எழுதியிருந்தேன். அமீனா எழுதும்போது எப்போதும் அப்படி எழுதுங்கள். நீங்கள் பார்த்ததை நீங்கள் பார்த்ததாகவும், மற்றவர் சொன்னதை மற்றவர் சொன்னதாகவும்.

டீச்சரின் தம்பி அடுத்த மழைக்காலத்தில் இறந்து போனார். ஒதில் கொடுத்த வாடகை கடைசி மாதங்களில் மருந்துக்கு உதவியது என்று டீச்சர் சொன்னார். அந்தத் தெருவில் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகக் கை மாறின. இரண்டு வீட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், ஒன்று தங்கும் விடுதியாயிற்று. அந்த வீடுகளுக்கெல்லாம் நான்தான் வாரண்ட் கொண்டு போனேன். அங்கே எனக்கு ஒரு டீச்சர் கிடைக்கவில்லை. போனேன், பெயரைச் சொன்னேன், சாமானை வெளியே வைத்தோம். இதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஊரில் ஏறுகிற வாடகையை அமீனா இறக்க முடியாது.

எண்பதுகளின் நடுவில் மில்லில் ஆள் குறைத்தார்கள். தனபாலுக்குக் கொஞ்சம் மொத்தப் பணம் கிடைத்தது. முத்தியால்பேட்டையில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கோரிமேட்டைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள், ஒரு சின்ன மனை வாங்கி ஓலைக் கூரையில் ஒரு வீடு கட்டினார். இட்லி விற்கிற இடத்தை ஆஸ்பத்திரிப் பஸ் ஸ்டாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வசந்தா முடிவு செய்தாள். நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு விடியற்காலையில் பசிக்கும் என்று அவள் கணக்கு. அவர்கள் போன பிறகு கீழ்ப்பகுதிக்கு டீச்சரே குடிவருவதென்று பேச்சு.

அவர்கள் கிளம்பிய அன்று நான் வேறு வேலையாக அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போனேன். வாசலில் டெம்போ நின்றது. தெருவில் பாத்திரங்களும் பாயும் மூட்டையும் கிடந்தன. பழக்க தோஷம், கை தானாகப் பையைத் தடவியது. பையில் அந்த வீட்டுக்கு ஒரு காகிதமும் இல்லை.

வசந்தா என்னைப் பார்த்துவிட்டு ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள்.

"இன்னைக்கு உங்களுக்கு இங்க வேலையில்ல சார். நாங்களாத்தான் போறோம்."

மாடிப்படியில் ஒதில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். டீச்சர் உள்ளே சுமதியின் துணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் இப்போது பெரிய பெண். தனபால் ஒரு நீள பெஞ்சைத் தனியாகத் தூக்கப் பார்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தார். வசந்தா இடுப்பில் ஒரு மூட்டையோடு நின்றபடி என்னைப் பார்த்து, "சார், அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்களேன்" என்றாள்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தேன். எத்தனையோ வீட்டுச் சாமான்களை என் கண்ணெதிரில் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குடியிருந்தவர்களே கூப்பிட்டு நானே தூக்கியது அந்த பெஞ்சு ஒன்றுதான்.